நூலகத்தில் உடல்நலத் தகவல்: சரியான பக்கம் உரியவர் கைக்குப் போவது எப்படி?

ஒருவர் நூலகத்துக்குள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேராக நூலகரின் மேசைக்கு வந்து, தணிந்த குரலில், "கிட்னி சம்பந்தமா ஏதாவது புத்தகம் இருக்குங்களா?" என்று கேட்கிறார். "அந்த வரிசையில பாருங்க சார்" என்று அலமாரியைக் காட்டி அனுப்பிவிடலாம். பல நேரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அவருடைய சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறது. மனைவியுடையது. அதில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்த நான்கு நாளில் என்ன செய்வது, எவ்வளவு பயப்படுவது என்று தெரியாமல்தான் அவர் வந்திருக்கிறார்.

இந்த மாதிரி வருகிறவருக்கு, இணையத்தில் ஏற்கெனவே இருக்கிற நம்பகமான உடல்நலத் தகவலைத் தேடி எடுத்து, அவருக்குப் புரிகிற விதத்தில் கொடுப்பதை ஒரு முறையான சேவையாகவே உலகின் பல நூலகங்கள் செய்துவருகின்றன. நூலகத் துறையில் இதைப் பொதுமக்களுக்கான உடல்நலத் தகவல் சேவை என்பார்கள். மருத்துவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் எழுதப்பட்ட தகவல் வேறு. நோயாளியும் அவர் வீட்டாரும் படித்துப் புரிந்துகொள்ள எழுதப்பட்ட தகவல் வேறு. நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

"எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, நூலகம் எதற்கு?" என்று கேட்பது நியாயம்தான். அதற்குப் பதிலாக, சட்டைப்பையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டையே எடுத்துப் பார்ப்போம்.

ஓர் எழுத்து செய்யும் வேலை

நட்சத்திரக் குறி போட்டிருப்பது கிரியேட்டினின் என்ற பரிசோதனைக்கு. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவுப்பொருள் அது. சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுகிறது. அது ரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். நம் ஆள் முந்தின நாள் இரவே போனில் தேடியிருக்கிறார். ஆனால் நினைவிலிருந்து தட்டியதால் 'கிரியேட்டின்' என்று தட்டிவிட்டார். ஒரே ஓர் எழுத்துதான் குறைந்தது. கிரியேட்டின் என்பது உடற்பயிற்சி செய்பவர்கள் தசைக்காகச் சாப்பிடும் பொடி. வந்ததெல்லாம் டப்பா படங்கள், விலைகள், கட்டுமஸ்தான ஆண்கள். நடுவில் ஒரு பக்கத்தில் 'அதிகமானால் சிறுநீரகம் பழுதாகும்' என்று ஒரு வரி. மீதி இரவு அவர் தூங்கவில்லை.

தேடுபொறி தவறு செய்யவில்லை. கேட்டதைக் கொடுத்தது. ஆனால் கேட்டது சரியா என்று அது திருப்பிக் கேட்காது. ஹைப்போதைராய்டுக்கும் ஹைப்பர்தைராய்டுக்கும் இதே கதைதான்: ஒன்று தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பது, மற்றது கூடுதலாகச் சுரப்பது. கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும் நேரெதிர்ப் பிரச்சினைகள். மாத்திரைப் பெயர்களிலும் இப்படி ஏராளம் உண்டு.

அதனால் நூலகர் செய்யும் முதல் வேலை தேடுவதே கிடையாது, கேட்பதுதான். நூலகத் துறையில் இதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. வாசகர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அவருடைய உண்மையான கேள்வியாக இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, அவரைச் சங்கடப்படுத்தாமல் உள்ளே இருக்கும் கேள்விக்குப் போய்ச் சேர்வது. உடல்நல விஷயத்தில் அது இன்னும் மென்மையாக நடக்க வேண்டும். "எதுக்காகத் தேடுறீங்கன்னு சொல்ல விருப்பம் இருந்தா சொல்லுங்க சார், சொல்லாட்டியும் பரவாயில்லை. உங்ககிட்ட ஏதாவது காகிதம் இருந்தா அதுல இருக்கிற எழுத்தைப் பார்த்துத் தேடினா சரியா வரும்." இப்படிக் கேட்டால் ரிப்போர்ட் வெளியே வரும். எழுத்துப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன்.

அப்புறம், யாருக்காக என்று தெரிந்தால் நல்லது: அவருக்கா, வீட்டில் ஒருவருக்கா, பள்ளிப் பாடத்துக்கா? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்? சிலருக்கு ஒரே பக்கம் போதும். சிலர் ஆய்வுக் கட்டுரை வரை போக விரும்புவார்கள். சிலருக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு போன்ற எண்களைப் பார்க்கவே விருப்பம் இருக்காது. அவர் கேட்காமல் அந்தப் பகுதியைத் திரையில் நிறுத்துவது கொடுமை.

எல்லைக் கோடு

இந்தச் சேவையில் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஒரே ஒரு கோடுதான். நூலகர் தகவல் தரலாம், மருத்துவ ஆலோசனை தரக் கூடாது. சொல்லும்போது சுலபம், மேசைக்கு முன்னால் ஒருவர் கலங்கிய முகத்தோடு நிற்கும்போதுதான் கஷ்டம்.

அவர் ரிப்போர்ட்டைக் காட்டி, "1.4 போட்டிருக்கு, இது ஆபத்தா?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல சார், பயப்படாதீங்க" என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். சொல்லக் கூடாது. "உடனே டாக்டரைப் பாருங்க, இது சீரியஸ்" என்றும் சொல்லக் கூடாது. அந்தப் பரிசோதனை பற்றிய நம்பகமான பக்கத்தைத் திறந்து, அது எதை அளக்கிறது, எதனால் கூடலாம், எதனால் குறையலாம் என்ற பகுதியை அவரோடு சேர்ந்து படிக்கலாம். வயது, ஆணா பெண்ணா, தசையின் அளவு இவற்றைப் பொறுத்து அந்த எண் மாறும் என்று அங்கே எழுதியிருக்கும். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து நாள்பட்ட சிறுநீரக நோய் என்று முடிவு கட்டுவதில்லை, குறைந்தது மூன்று மாதமாவது அந்தப் பாதிப்பு நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதும் படிக்கக் கிடைக்கும். இதையெல்லாம் நூலகர் தன் வாக்காகச் சொல்லாமல் பக்கத்தைக் காட்டுகிறார். 'இவங்க இப்படிச் சொல்றாங்க' என்ற அந்தச் சின்னத் தூரம் முக்கியம்.

இன்னொன்றும் செய்யலாம். என் கணக்கில் இதுதான் மிகப் பெரிய உதவி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத வைப்பது. இந்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டுமா? இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதையாவது மாற்ற வேண்டுமா? வலி மாத்திரை சாப்பிடலாமா? நான்கு நாள் கழித்து அந்த மனிதரும் அவர் மனைவியும் மருத்துவர் முன்னால் உட்காரும்போது கையில் அந்தத் தாள் இருக்கும். பதற்றத்தில் எதையும் மறக்க மாட்டார்கள்.

தேடிக்கொண்டிருக்கவே கூடாத நேரமும் உண்டு. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "மார்வலிக்கு என்ன செய்யணும்னு பார்த்துச் சொல்லுங்க" என்றால், முகம் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறினால், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அவசர மருத்துவ உதவிக்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண் மேசையிலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

நல்ல தகவல் எங்கே இருக்கிறது?

இந்தச் சேவை இணையத்தோடு பிறந்தது இல்லை. அமெரிக்காவில் பிளேன்ட்ரீ என்ற அமைப்பு 1981-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவ நூலகத்தைப் பொதுமக்களுக்காகவே திறந்தது. அதுவரை மருத்துவ நூல்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் உள்ளே பூட்டிக் கிடந்தவை. தன் உடம்பைப் பற்றி ஒருவர் தானே படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதே அப்போது புதுமையான எண்ணம்.

இணையம் வந்ததும் வேகம் கூடியது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் தன் மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை 1997-இல் பப்மெட் வழியாக யாரும் இலவசமாகத் தேடலாம் என்று திறந்துவிட்டது. மருத்துவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சாதாரண மக்களும் வந்தார்கள். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் மொழி அவர்களுக்கானது இல்லையே? ஆகவே மறு ஆண்டே, 1998 அக்டோபரில், எளிய நடையில் மெட்லைன்பிளஸ் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். தொடங்கும்போது அதில் இருந்தவை 22 தலைப்புகள். இன்று ஆயிரத்துக்கு மேல். அந்த 22-ஐ நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாட்டின் மிகப் பெரிய மருத்துவ நூலகமே 22 தலைப்போடு தொடங்கியது என்றால், ஒரு கிளை நூலகம் பத்தோடு தொடங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மெட்லைன்பிளஸில் விளம்பரம் கிடையாது, எந்த மருந்தையும் விற்பதில்லை. மருத்துவப் பரிசோதனைகள், மருந்துகள், நோய்கள் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் முழுத் தளமும் இருக்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையும் பொதுமக்களுக்காக ஒரு தளத்தை 2007 முதல் நடத்திவருகிறது. உலக சுகாதார அமைப்பு நோய்வாரியாகச் சுருக்கமான தகவல் தாள்கள் வெளியிடுகிறது. 1993-இல் தொடங்கிய காக்ரேன் என்ற அமைப்பு, ஒரு சிகிச்சையைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டு, எளிய மொழியில் சுருக்கமும் எழுதித் தருகிறது. அவற்றில் சில தமிழிலும் கிடைக்கின்றன. இவை தவிர ஒவ்வொரு நாட்டின் சுகாதாரத் துறைக்கும் சொந்தத் தளம் இருக்கும். தடுப்பூசி அட்டவணை, உள்நாட்டில் கிடைக்கும் மருந்துகள், அரசுத் திட்டங்கள் போன்றவற்றுக்கு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவையெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும்.

பப்மெட்டை வாசகருக்குக் காட்டலாமா என்று கேட்டால், கேட்டால் மட்டும் காட்டலாம் என்பேன். ஒரு கட்டுரை என்பது ஓர் ஆய்வு. அது எலிகளிடம் நடந்ததா, இருபது பேரிடம் நடந்ததா, இருபதாயிரம் பேரிடம் நடந்ததா என்று பார்க்கத் தெரியாமல் தலைப்பை மட்டும் படித்தால் தெளிவு வருவதைவிடக் குழப்பம்தான் கூடும்.

நம்பலாமா என்று பார்ப்பது

வாசகர் தானே ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து, "இது உண்மையா?" என்று கேட்பது இன்னும் அதிகம் நடக்கும். வாட்ஸ்அப் ஃபார்வர்டாக இருக்கும், ஒரு வீடியோவாக இருக்கும். 2020-இல் கொரோனா பரவியபோது உலக சுகாதார அமைப்பு நோய்த்தொற்றோடு தகவல் தொற்றையும் எதிர்த்துப் போராடுவதாகச் சொன்னது. அந்த இரண்டாவது தொற்று இன்னும் ஓயவில்லை.

இதற்கு ஏற்கெனவே சில கருவிகள் உண்டு. டிசர்ன் என்ற கேள்விப்பட்டியல் ஆக்ஸ்போர்டில் உருவானது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் நூலகமும் ஒன்று. மொத்தம் 16 கேள்விகள். தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எப்போது எழுதப்பட்டது, சிகிச்சையின் தீமைகளைச் சொல்கிறதா, சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறதா என்றெல்லாம் கேட்கும். இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தமானது. ஒன்றை விற்க வந்தவர் அதற்குப் பதில் எழுதியிருக்கவே மாட்டார்.

ஜெனீவாவிலிருந்து இயங்கிய ஒரு அறக்கட்டளை, நல்ல மருத்துவத் தளங்களுக்கு ஹான்கோட் என்ற சான்று முத்திரை கொடுத்துவந்தது. பல ஆண்டுகள் நூலகர்கள் 'அந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2022 கடைசியில் அந்த அமைப்பு மூடப்பட்டுவிட்டது. ஆகவே முத்திரையைப் பார்த்து நம்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, பக்கத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சந்தேகமான ஒரு தளம் வந்தால் அவர்கள் அதிலேயே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பதில்லை. சீக்கிரமே அதைவிட்டு வெளியே வந்து, புதிய தாவலைத் திறந்து, அந்தத் தளத்தை நடத்துகிறவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். கல்யாண விஷயம் ஒன்று வந்தால் அந்த வீட்டாரிடமே விசாரிக்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அதே வேலைதான். இதை ஐந்து நிமிடத்தில் வாசகருக்குச் செய்துகாட்டிவிடலாம்.

சதவீதம் என்ற சொல்லைக் கண்டாலும் நிற்க வேண்டும். 'பக்கவாத ஆபத்தை 50% குறைக்கிறது' என்று ஒரு மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 பேரில் 200 பேருக்கு வரக்கூடியது 100 ஆகக் குறைந்தாலும் 50%தான். 1000 பேரில் 2 பேருக்கு வரக்கூடியது 1 ஆகக் குறைந்தாலும் அதே 50%தான். முதல் மாத்திரையால் 100 பேர் தப்பிக்கிறார்கள், இரண்டாவதால் ஒருவர். பக்க விளைவோ 1000 பேருக்கும் வரலாம். 'எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?' என்ற ஒரே கேள்வியை வாசகரின் மனதில் பதித்துவிட்டால், அவர் படிக்கும் ஒவ்வொரு மருத்துவச் செய்திக்கும் அது உதவும்.

இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். திட்ட வேண்டாம். கடினமான வாக்கியத்தை எளிமையாக்க அது உதவும். ஆனால் அது சொல்வதில் சரியும் தவறும் ஒரே மாதிரி உறுதியான குரலில் வரும். இல்லாத ஆய்வுக்குத் தலைப்பும் ஆண்டும் போட்டுத் தரும். அங்கே கிடைத்ததை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தேடிச் சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் உள்ள ரிப்போர்ட்டை அப்படியே அதில் போடக் கூடாது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

புரிந்ததா?

சரியான பக்கத்தைக் கண்டுபிடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாயிற்று. வாசகரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரியும்? 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிஞ்சுது' என்றுதான் சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது: கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்வது. நூலகத்திலும் அது பொருந்தும். "வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்லப்போறீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். 'கிட்னி போயிடுச்சுன்னு அர்த்தமில்லை, இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பாங்களாம்' என்று அவர் சொன்னால், அந்தப் பக்கம் அவருக்குள் இறங்கியிருக்கிறது. 'தண்ணி நிறையக் குடிச்சா சரியாயிடுமாம்' என்று பக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னால், மறுபடி அந்த வரிக்குப் போக வேண்டும். சோதனை போலத் தொனிக்காமல் கேட்பதில்தான் திறமை இருக்கிறது.

எழுத்தே ஒத்துவராதவர்களும் வருவார்கள். படிக்கத் தெரியாதவர், கண் மங்கியவர், வேறு மொழி பேசுகிறவர். இவர்களுக்குப் படம், ஒலிப்பதிவு, சின்ன வீடியோ, பெரிய எழுத்தில் ஒரு பிரிண்ட். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, 'நான் படிக்கறேன், நீங்க கேளுங்க' என்று சொல்லிவிடுவது நல்லது.

பிரிண்டரில் மறந்துவிட்ட தாள்

ரகசியம் காப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கடவுச்சொல், கண்காணிப்பு என்று பெரிய விஷயங்களுக்குப் போவார்கள். நூலகத்தில் ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் பிரிண்டர் தட்டில்தான். பால்வினை நோய் பற்றியோ கருக்கலைப்பு பற்றியோ மனச்சோர்வு பற்றியோ ஒரு பக்கத்தை ஒருவர் பிரிண்ட் கொடுத்துவிட்டு, எடுத்துக்கொள்ளப் போவதற்குள் அடுத்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்றால், அந்த ஒரு தாள் போதும். பிரிண்டரை நூலகரின் கைக்கெட்டும் தூரத்தில், அச்சிட்ட பக்கம் கவிழ்ந்து விழும்படி வைத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

திரை வழியில் போகிறவர்களுக்குத் தெரியாத கோணத்தில் ஒரு கம்ப்யூட்டராவது இருக்க வேண்டும். ஒவ்வொருவர் எழுந்ததும் தேடிய வரலாறு தானாக அழிய வேண்டும். மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டாரா என்று ஞாபகப்படுத்த வேண்டும். மேசையில் நோயின் பெயரை உரக்கத் திருப்பிச் சொல்லக் கூடாது. யார் என்ன கேட்டார் என்று நூலகர் வெளியே எங்கும், தன் வீட்டில்கூட, சொல்லக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களில் இன்னொரு சிக்கல். ஆபாசத்தைத் தடுக்கப் போடும் வடிகட்டி மென்பொருள் நல்ல உடல்நலப் பக்கங்களையும் சேர்த்துத் தடுக்கும். அமெரிக்காவில் கெய்சர் குடும்ப அறக்கட்டளை 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. வடிகட்டியைக் குறைந்த அளவில் வைத்தபோது உடல்நலத் தளங்களில் 1.4% தடைபட்டன, மிகக் கடுமையாக வைத்தபோது 24% தடைபட்டன. மாதவிடாய் பற்றியோ கருத்தடை பற்றியோ வீட்டில் கேட்க முடியாத ஒரு பெண் நூலகத்துக்கு வந்து தேடும்போது திரையில் தடை என்று வந்தால், அவள் இன்னொரு தடவை தேட மாட்டாள். வடிகட்டியின் அளவைத் தீர்மானிக்கிறவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து இந்தச் சொற்களையெல்லாம் தாங்களே தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து எங்கே போவது?

தகவல் படித்த பிறகு வரும் கேள்வி இது. 'சரி, இந்தப் பரிசோதனையை எங்கே எடுப்பது? சனிக்கிழமை திறந்திருக்குமா? அங்கே என் மொழி பேசுகிறவர் இருப்பாரா?' பெரிய உடல்நலத் தளங்கள் பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்வதில்லை. அந்த வட்டாரத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

இதை உணர்ந்துதான் மெட்லைன்பிளஸ், கோ லோக்கல் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் இணைந்தது வட கரோலினா மாநிலம், 2003-இல். ஒரு நோயைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால், தன் வட்டாரத்தில் அதற்கு இருக்கும் மருத்துவமனைகளும் உதவிக் குழுக்களும் வந்து நிற்கும். அந்தப் பட்டியலை ஆங்காங்கே இருந்த நூலகங்கள் பார்த்துக்கொண்டன. அருமையான யோசனை. ஆனால் 2010-இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பட்டியல் போடுவதைவிட அதைச் சரியாக வைத்திருப்பது பல மடங்கு வேலை. மருத்துவமனை இடம் மாறும், போன் எண் மாறும், உதவிக் குழு கலைந்துபோகும். தேடுபொறிகளும் அதற்குள் வட்டார முகவரிகளைத் தானே காட்டத் தொடங்கிவிட்டன.

இதைத் தோல்விக் கதையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எதைச் செய்ய வேண்டும் என்பதில் அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள். பட்டியல்தான் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. தேடுபொறியும் முகவரியையும் நேரத்தையும்தான் காட்டும். 'அங்கே டோக்கன் வாங்கக் காலையிலேயே போகணும்', 'பெண் மருத்துவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார்', 'சக்கர நாற்காலியில் வருகிறவர் பின்வாசல் வழியாகப் போகணும்' என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நூலகத்துக்குத் தெரிந்துகொள்ள முடியும். ஒரே ஒரு தாள் அளவுக்கு, முப்பது நாற்பது வரிகளில், இதை எழுதி வைத்தால் போதும்.

தொடங்க நினைக்கிற நூலகத்துக்கு

முதல் மாதம் எதையும் கட்ட வேண்டாம். மேசைக்கு வரும் உடல்நலக் கேள்விகளைப் பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'சர்க்கரை, கால் புண்', 'தடுப்பூசி, இரண்டாம் தவணை', 'அம்மாவுக்கு மறதி' என்ற அளவில் போதும். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்தாலே உங்கள் வட்டாரத்துக்கு எந்தப் பத்துத் தலைப்பு வேண்டும் என்று தெரிந்துவிடும். அது நீங்கள் நினைத்திருந்த பத்தாக இருக்காது.

ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு மூன்று லிங்குகளுக்கு மேல் போடாதீர்கள். ஐம்பது லிங்க் கொண்ட பக்கம் நூலகருக்குப் பெருமையாக இருக்கும்; வாசகருக்கு அது இன்னொரு தேடுபொறிதான். ஒவ்வொன்றின் கீழும் அது எதைப் பற்றியது, யார் எழுதியது, எந்த மொழியில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் முழுதாகப் படிக்காத பக்கத்தைப் போட வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் செவிலியரையோ மருத்துவரையோ மருத்துவ நூலகரையோ அந்தப் பத்துத் தலைப்பையும் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் தவறான தகவலோடு வரும் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போயிருப்பவர்கள் அவர்கள்தான். சுகாதாரப் பணியாளர்களிடம் 'உங்களிடம் வருகிறவர்கள் மேலும் படிக்க ஆசைப்பட்டால் இங்கே அனுப்புங்கள்' என்று சொல்லிவையுங்கள். நூலகத்துக்கு வராதவர்கள் அந்த வழியாக வருவார்கள்.

அப்புறம் அந்த லிங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஒரு காலை நேரம். ஒவ்வொரு லிங்கையும் திறந்து பார்த்து, செத்துப்போனதை எடுத்துவிட்டு, உள்ளூர்ப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் செய்து 'இன்னும் இதே நேரம்தானா?' என்று கேட்டு, பக்கத்தின் அடியில் அன்றைய தேதியைப் போட வேண்டும். போன் எடுக்காத எண்ணை அடுத்த நாள் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அடித்துவிடலாம்.